வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன்

நன்றாக இருக்கும் பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பதைப் போல எரிச்சல் பிடித்த வேலை வேறு கிடையாது. நோய் வந்த பிள்ளை தானாக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும். அம்மா தூக்கிக்கொண்டு ஓடிவருவாள், அப்பா பின்னாலேயே கத்திக்கொண்டு வருவார். ஒன்றுமே இல்லாத பிள்ளையை ஊசி குத்தக் கூட்டிவா என்றால் எந்தத் தாய் வருவாள்? "நல்லா இருக்குற பிள்ளைய எதுக்கு டாக்டரம்மா வெளிய காட்டணும்? கண்ணு பட்டுடும்." பல்தீம் ஊரில் நான் ஏறி இறங்கிய வாசல் அத்தனையிலும் இதே பதில்.

ஆனால் எனக்கு வேண்டியது அந்த நல்லா இருக்குற பிள்ளைகள்தான். எங்கள் பக்கத்து லேப்களில் பிள்ளைகளின் ரத்தச் சர்க்கரைக்கு எதிரே 'சரியான அளவு' என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். அது யார் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து எடுத்த அளவு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மெஷினோடு வந்தது என்பார்கள். சில லேப்களில் பெரியவர்களுக்குள்ள எண்ணையே பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார்கள். போன வருடம் ஒரு பையனை நினைவில்லாமல் என் வார்டுக்குத் தூக்கி வந்தார்கள். சில மாதம் முன்புதான் அவனுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்து, அளவு சரி என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவன் எப்படியோ பிழைத்துக்கொண்டான். என் ஆத்திரம்தான் ஆறவில்லை.

நம் பிள்ளைகளுக்கு நம் பிள்ளைகளைப் பார்த்தே அளவு குறிப்போம் என்று துறைத் தலைவர் பேராசிரியர் லுத்ஃபியிடம் போய் நின்றேன். அவர் தாராளமாகச் சம்மதித்தார். ஆராய்ச்சியின் தலையில் தன் பெயரை எழுதிக்கொண்டார், அலைகிற வேலையை என்னிடம் கொடுத்தார்.

முதல் பள்ளிக்கூடத்திலேயே ஒரு சொல் காலை வாரிவிட்டது. "பிள்ளைகளை நோன்போட கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். ஆஸ்பத்திரியில் நாங்கள் அப்படித்தான் பேசுவோம். மறுநாள் காலை பாதித் தாய்மார்கள் பிள்ளைகளை விடியுமுன் எழுப்பி, சஹர் சாப்பாடு என்று அவித்த மொச்சையும் தயிரும் ரொட்டியும் வயிறு முட்ட ஊட்டிக் கூட்டிவந்திருந்தார்கள். மீதிப் பேர் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஊசியைக் கண்டதும் ஒரு பெண் குழந்தை அப்படியே சாய்ந்துவிட்டாள். ஓர் அப்பா மட்டும் வெகு பொறுப்பாக என்னிடம் வந்து, "சூரியன் மறைஞ்சு மஃரிப் வரைக்கும் இருக்கணுமா டாக்டரம்மா, இல்ல நடுவுலயே நோன்பத் தொறந்துடலாமா?" என்று கேட்டார்.

என்னோடு வந்திருந்த நர்ஸ் அவாதிஃப் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற ஜென்மம் அவள். "நோன்புன்னு சொன்னா நோன்புதான் வைப்பாங்க. நம்ம ஊர் வார்த்தையச் சொல்லுங்க டாக்டரம்மா. எச்சிலோடன்னு சொல்லுங்க."

எங்கள் பக்கம் வெறும் வயிறு என்பதற்கு அதுதான் பேச்சு. காலையில் எழுந்ததும் வாயில் ஊறியிருக்கிற எச்சிலைத் தவிர வேறொன்றும் உள்ளே போகாத நிலை. சின்னக் குழந்தைக்கும் புரியும். அந்தப் பள்ளிக்கூடத்தில் எடுத்ததையெல்லாம் கொட்டிவிட்டு, அடுத்த பள்ளிக்கூடத்தில் எச்சிலோடு வாருங்கள், தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்று வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னேன். தாய்மார்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். இனி என்ன கோளாறு வரப்போகிறது என்று நானும் நம்பினேன்.

அளவுகள் வந்தன. நூற்றைந்து. நூற்றுப் பன்னிரண்டு. நூற்றெட்டு. சாப்பிடாத பிள்ளைக்கு நூறைத் தொடவே கூடாது. மெஷினைச் சரிபார்த்தேன். குழாய்களை மாற்றினேன். அதே ரத்தத்தை இன்னொரு லேபுக்கும் அனுப்பினேன். அங்கேயும் அதையே சொன்னார்கள். ஓடி ஆடி விளையாடுகிற, மாம்பழக் கன்னம் வைத்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சர்க்கரை ஏறுமா? எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

பேராசிரியருக்கோ ஒரே குஷி. எங்கள் ஊரில் கலகலப்பான ஆளைப் பார்த்தால் அவன் ரத்தமே சர்பத்து என்போம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "பாத்தியா ஷாஹினாஸ்? நம்ம பிள்ளைங்க ரத்தமே சர்பத்து! வெளிநாட்டுக்காரன் அளவு நமக்கு எதுக்கு? மேல் எல்லை நூத்திப் பதினெட்டுன்னு போடு. மாநாட்டுல அறிவிச்சுடுவோம். எல்லா லேபும் அதையே அச்சடிக்கட்டும்."

"சார், நூத்திப் பதினெட்டுன்னு அச்சடிச்சா, நூத்திப் பத்துல ஒரு பிள்ளை வந்தா யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. நோய் ஆரம்பிக்கிறதே அங்கதான். அந்தப் பையன மாதிரி நினைவு தப்பித்தான் வரும்."

"நீ எப்பவும் இப்படித்தான். நல்ல சேதி வந்தாலும் அழுவ."

நான் அழவில்லை. கையிலிருந்த பேனாவை அவர் மேஜையில் கொஞ்சம் பலமாக வைத்தேன், அவ்வளவுதான்.

விஷயம் அந்தப் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் வெளியே வந்தது. காலை வரிசையில் பிள்ளைகளோடு தாய்மார்களும் நின்றிருந்தார்கள். மகன் ஹம்ஸாவின் பெயரால் உம்மு ஹம்ஸா என்று ஊர் கூப்பிடுகிற வாட்டசாட்டமான அம்மா தன் கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள், ஸ்பூனை எடுத்தாள், வழித்து மகன் வாயில் வைத்தாள். பக்கத்துப் பிள்ளைக்கும் ஒன்று. பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு என்னிடமும் ஸ்பூனை நீட்டினாள்.

"நீங்களும் எச்சிலோடதானே வந்திருப்பீங்க டாக்டரம்மா? ஆ காட்டுங்க. மூஞ்சியே வாடிக் கெடக்கு."

"என்ன அது?"

"தேனும் கருஞ்சீரகமும். வேற என்ன?"

"ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!"

"ஒண்ணும் குடுக்கலையே!" அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "இது எச்சிலோட குடுக்குறதுதானே? சாப்பாட்டுக்கு அப்புறம் குடுத்தா பலிக்காதே. நீங்க எச்சிலோடன்னு சொன்னதும் நான் நெனச்சேன், பரவால்ல, இந்த டாக்டரம்மாவுக்கு விஷயம் தெரியுதுன்னு."

வரிசையில் நின்ற மற்ற தாய்மார்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். குளிர்காலம் வந்தால் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் காலையில் முதல் வேலை அதுதான். எச்சிலோடு கொடுக்கிற பொருள் எப்படி எச்சிலைக் கெடுக்கும் என்பது அவர்கள் கேள்வி. எனக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை. அவாதிஃப் மட்டும் என் பங்குக்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றே ஒவ்வொரு தாயாகக் கேட்டேன். ஏற்கெனவே ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் வீட்டுக்கும் போய்க் கேட்டேன். தேன் கொடுத்தேன். கொடுத்தேன். ஒரு ஸ்பூன். ரெண்டு. எல்லாரும் பெருமையாகவே சொன்னார்கள். ஒரே ஒருத்தி மட்டும் கொடுக்கவில்லை என்றாள். உம்மு ருகையா. பள்ளிச் சீருடை தைக்கிறவள். அவள் மகள் ருகையாவுக்கு ஏழு வயது. சர்க்கரை நூற்றொன்பது.

விஷயத்தைப் பேராசிரியரிடம் கொட்டினேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி.

"தேன் தொடாத பிள்ளை ஒண்ணுகூட இல்லையா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. "ஒண்ணு இருக்கு சார்."

"அதுக்கு எவ்வளவு?"

"நூத்தி ஒம்பது."

"அப்ப தேன் குடுத்தாலும் அதே, குடுக்கலன்னாலும் அதே. முடிஞ்சுது கதை." கோப்பையைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை குத்தணும்னா அந்த அம்மாக்கள் சம்மதிக்கணும். சம்மதிக்க வச்சுட்டு வா, ஊசி தரேன். இல்லன்னா மாநாட்டுல நூத்திப் பதினெட்டுதான்."

என் வாயை அடைத்தது அவர் இல்லை, அந்த உம்மு ருகையா. அவள் ஒருத்தி உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், என் வாதம் நிற்கும். எல்லாரும் கொடுத்த தேனை அவளும் கொடுத்திருக்கிறாள், கொடுத்துவிட்டு மறைக்கிறாள். எனக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை. நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சாம்பல் நிறச் சீருடைத் துணி. ருகையா தரையில் உட்கார்ந்து வெட்டுத் துண்டுகளில் பொம்மைக்குப் பாவாடை கட்டிக்கொண்டிருந்தாள்.

"உம்மு ருகையா, நான் சண்டைக்கு வரல."

"சண்டைக்கு வராதவங்களுக்கு இப்படி மூச்சு வாங்காது. உக்காருங்க. டீ போடுறேன்."

"டீ வேணாம். ஒரு சொட்டுத் தேன் குடுத்திருந்தாலும் சொல்லிடுங்க. தப்பே இல்ல. ஊரே குடுத்திருக்கு."

"நான் குடுக்கல. இவளுக்குக் கருஞ்சீரக வாடையே ஆகாது. வாயில வச்சா என் மேலயே துப்புவா."

"சரி, மிட்டாய்? பிஸ்கட்? சர்க்கரை போட்ட டீ?"

"எச்சிலோட கூட்டிட்டு வான்னீங்க. எச்சிலோட கூட்டிட்டு வந்தேன். தண்ணியத் தவிர எதுவும் இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு பேரீச்சம்பழம்?"

அவள் மெஷினை நிறுத்தினாள். "என்னைப் பொய்க்காரின்றீங்களா?"

அப்படியில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "எனக்கு அப்படித்தான் தோணுது" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவ்வளவுதான். எழுந்து ஜன்னலைத் திறந்தாள். "கேளுங்கடி எல்லாரும்! நல்லா இருந்த பிள்ளைய வெளிய காட்டச் சொன்னாங்க, காட்டினேன். ரத்தம் கேட்டாங்க, குடுத்தேன். இப்ப வீடு ஏறி வந்து என்னைப் பொய்க்காரின்றாங்க!"

எங்கள் ஊரில் இதற்கு மேல் அழைப்பு தேவையில்லை. எதிர் வீட்டுப் பால்கனி, பக்கத்து மாடி, கீழே ரொட்டிக் கடை, எங்கும் தலைகள் முளைத்தன. எதிர்ப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் உம்மு ஹம்ஸாவேதான்.

"தேன்தானேடி? குடுத்தா குடுத்தேன்னு சொல்லிட்டுப் போயேன். அதுல என்ன குடி முழுகிடுச்சு?"

"குடுக்காதத குடுத்தேன்னு நான் எதுக்குடி சொல்லணும்? உன்னை மாதிரி சொன்னத ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விடுறவளா நான்?"

"ஏய், என் காதப் பத்திப் பேசாத!"

"பேசுவேன்! எல்லாரும் மறுபடியும் பிள்ளைங்களக் கூட்டிட்டு வாங்கடி. ஒருத்தியும் தேனத் தொடக் கூடாது. என் பொண்ணும் வருவா. யாரு பொய்க்காரி, யாரு உண்மைக்காரின்னு அப்பத் தெரியும். வராதவ வீட்டுத் துணிய இனி நான் தைக்க மாட்டேன்!"

என்னை வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள். படியிறங்கும்போது எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். எத்தனை வாசல் ஏறியிருந்தாலும் எனக்குக் கிடைத்திருக்காத சம்மதத்தை அவள் ஒரு ஜன்னலைத் திறந்து வாங்கித் தந்துவிட்டாள்.

மறுவாரம் பள்ளிக்கூட வாசலில் எனக்கு முன்பே அவள் நின்றிருந்தாள். வருகிற பிள்ளைகளையெல்லாம் தடுத்து, "ஆ காட்டு. நாக்க நீட்டு" என்று வாயை மோந்து பார்த்து உள்ளே விட்டாள். உம்மு ஹம்ஸாவின் கைப்பையை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ருகையா முதல் ஆளாக வந்து, அழாமல் கையை நீட்டி, அவாதிஃபிடம் பொம்மைக்கும் குத்தச் சொன்னாள்.

மதியம் லேபில் அவாதிஃப் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க எனக்குப் பறப்பது போலிருந்தது. எண்பத்து நாலு. எழுபத்தொன்பது. எண்பத்தெட்டு. ஹம்ஸாவுக்கு எண்பத்தொன்று. சர்பத்தெல்லாம் வடிந்து பச்சைத் தண்ணீராகிவிட்டது. பேராசிரியரின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டை அவர் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கட்டும்.

"ருகையா," என்றாள் அவாதிஃப். பிறகு தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"என்னடி? சொல்லு."

"நூத்தி முப்பத்தொண்ணு."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு, ஊரார் வாயையெல்லாம் மோந்துவிட்டு, தன் பிள்ளைக்கு மட்டும் ஊட்டிக் கூட்டிவந்திருக்கிறாளே என்றுதான் முதலில் நினைத்தேன். அதே ரத்தத்தை மறுபடி மெஷினில் வைக்கச் சொன்னேன். மறுபடியும் நூற்று முப்பத்தொன்று. அவாதிஃப் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் நின்றதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்தத் தாய் பொய்யே சொல்லவில்லை. முதல் தடவையும் இல்லை, இப்போதும் இல்லை. முதல் தடவை வந்த அத்தனை பிள்ளைகளில் சொன்னபடி வெறும் வயிற்றோடு வந்தது ருகையா ஒருத்திதான். அந்த நூற்றொன்பது தனியாக நின்றிருந்தால் அன்றைக்கே என் கண்ணில் குத்தியிருக்கும். தேன் குடித்த நூற்றைந்துகளுக்கும் நூற்றுப் பன்னிரண்டுகளுக்கும் நடுவில் அது பத்தோடு பதினொன்றாக உட்கார்ந்திருந்தது. நானோ அதை வைத்துக்கொண்டு அவள் வீட்டில் போய்ச் சண்டை போட்டேன்.

ஆள் அனுப்பி அவளை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். தனியாக வருவாள் என்று பார்த்தால், தீர்ப்பு கேட்கத் தெருவையே திரட்டிக்கொண்டு வந்தாள். ருகையா கையில் பாதி கடித்த பருப்பு வடை சாண்ட்விச் இருந்தது.

"சொல்லுங்க டாக்டரம்மா. இவங்க முன்னாடியே சொல்லுங்க. யாரு பொய்க்காரி?"

"உள்ள வாங்க, உம்மு ருகையா. நீங்களும் பிள்ளையும் மட்டும்."

"எதுக்கு உள்ள? நீங்க என்னைப் பொய்க்காரின்னத தெருவே கேட்டுச்சே? வெளியவே சொல்லுங்க."

"வாங்க," என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, மறு பேச்சில்லாமல் வந்தாள். கதவைச் சாத்தினேன்.

ருகையாவின் விரலில் குத்திச் சின்னக் கருவியில் பார்த்தேன். இருநூற்றைத் தாண்டியது. சாப்பிட்ட பிள்ளைக்கும் அது அதிகம்.

"ராத்திரி எந்திரிச்சுத் தண்ணி கேக்குறாளா?"

"கேப்பா. உப்பு மீனு சாப்பிட்டா யாருதான் கேக்க மாட்டாங்க?"

"அடிக்கடி ஒண்ணுக்குப் போறாளா?"

"தண்ணி குடிச்சா போகத்தானே செய்வா?"

"பாவாடை இடுப்புல லூஸாகுதா?"

தையற்காரியிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது. அவள் மகளின் இடுப்பைப் பார்த்தாள். சீருடையின் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்தது, தையல் புதிதாக இருந்தது. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சர்க்கரை நோயின் ஆரம்பம், நல்லவேளை சீக்கிரம் பார்த்துவிட்டோம், இன்சுலின் போட்டால் எல்லாப் பிள்ளைகளையும் போல ஓடலாம், படிக்கலாம். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. என் மேஜை மேல் இருந்த கருவியில் தெரிந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தேன் குடுத்தேன்," என்றாள்.

"உம்மு ருகையா..."

"குடுத்தேன் டாக்டரம்மா. அன்னிக்கும் குடுத்தேன், இன்னிக்கும் குடுத்தேன். பெரிய ஸ்பூன்ல. நீங்க சொன்னது சரி. நான் பொய்க்காரிதான்."

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். வெளியே நின்ற பெண்களைப் பார்த்துச் சொன்னாள். "கேட்டுக்குங்கடி. நான்தான் பொய் சொன்னேன். என் பிள்ளைக்குத் தேன் குடுத்துட்டு இல்லன்னு சத்தியம் பண்ணினேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்."

திரும்பி என்னைப் பார்த்தாள். "சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். இப்ப அந்த நம்பர மாத்துங்க."

நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்தேன். ஊசி குத்திய விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே ருகையா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க பொய் சொல்லல, உம்மு ருகையா," என்றேன்.